டன் என்றால் எந்த டன்?

விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா-3' என்ற லைபீரியக் கொடிக் கப்பல் 2025 மே 25-ம் தேதி கேரளக் கடலில் மூழ்கியது. சிப்பந்திகள் 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலில் 640 கன்டெய்னர்கள், 84.44 மெட்ரிக் டன் டீசல், 367.1 மெட்ரிக் டன் பர்னஸ் ஆயில் ஆகியவை இருந்ததாக அறிவிக்கப்பட்டது. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை வந்து ஒதுங்கின. ரூ. 9,531 கோடி நஷ்ட ஈடு கோரி கேரள அரசு ஹைகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது.

இந்த விவகாரத்தில் அடிக்கடி அடிபடும் சொல் 'டன்'. அதன் பொருள் விளங்கினால்தான் நஷ்டத்தின் அளவும் விளங்கும்.

மெட்ரிக் டன் என்பது ஆயிரம் கிலோ; அதாவது பத்து குவிண்டால். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைகள் இருபது சேர்ந்தால் ஒரு மெட்ரிக் டன். 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் இந்தியாவில் மெட்ரிக் எடைகள் படிப்படியாக அமலுக்கு வந்தன. மணங்கும் வீசையும் விடைபெற்றன. பழைய பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு; சுமார் 1,016 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. சுமார் 907 கிலோ. மேற்படி பர்னஸ் ஆயிலை அமெரிக்க டன் என்று தவறாகக் கொண்டால் கணக்கில் 34 ஆயிரம் கிலோ குறைந்துவிடும்!

டன் எடைக் கணக்கு; லிட்டர் கொள்ளளவுக் கணக்கு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஆகவே ஒரு டன் தண்ணீர் ஆயிரம் லிட்டர் என்றால், ஒரு டன் எண்ணெய் அதற்கும் அதிகம். அந்த டீசல் சுமார் ஒரு லட்சம் லிட்டர். பர்னஸ் ஆயில் நாலு லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 12,000 லிட்டர் பிடிக்கும் டாங்கர் லாரிகளில் நிரப்பினால் ஏறக்குறைய நாற்பது லாரிகள் வேண்டும்.

இன்னொரு 'டன்' எடையே அல்ல. கப்பலின் 'கிராஸ் டன்னேஜ்' அதன் உட்புறக் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுவது. 1969-ம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் இதற்கு விதி வகுத்துள்ளது. கப்பல் உரிமையாளர் தமது பொறுப்புக்கு உச்சவரம்பு கோர சர்வதேசக் கடல் சட்டம் இடமளிக்கிறது. அந்த வரம்பு இந்த டன்னேஜை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. கடலில் விழுந்த சரக்கின் எடையை வைத்து அல்ல.

ஆக, வலை போட முடியாமல் கரையில் நின்ற மீனவரின் நஷ்டம் கிலோவில் இருக்கிறது. கப்பலின் எண்ணெய் மெட்ரிக் டன்னில் இருக்கிறது. உரிமையாளரின் பொறுப்போ எடையே இல்லாத டன்னில் அளக்கப்படுகிறது. கோரும் தொகைக்கும் கிடைக்கக்கூடிய தொகைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஏற்பட இதுவும் ஒரு காரணம். நஷ்ட ஈட்டு மனு எழுதுவோர் வெறுமனே 'டன்' என்று போடாமல், 'மெட்ரிக் டன்' அல்லது 'கிலோ' என்று தெளிவாகக் குறிப்பிடுவது நலம்.