தாடிக்கொம்பு சிற்ப மண்டபத்துக்கான கோரிக்கைச் சாசனம்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் வடக்கே போனால், குடகனாற்றங்கரையில் தாடிக்கொம்பு. அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில், சௌந்தரவல்லித் தாயார் சன்னதிக்கு முன்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பிகள் ஒரே கல்லில் தூணும் உருவமுமாகச் செதுக்கிய ஆளுயரச் சிற்பங்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. டிக்கெட் இல்லை. வருகிறவர்கள் இயன்றதை உண்டியலில் போட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். இந்த மாவட்டத்துச் சனங்களின் காணிக்கையால் நிற்கும் கலைக்கூடம் இது. ஆகவே அதைச் சரியாகப் பார்க்கவும், சேதமில்லாமல் பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு. இந்து சமய அறநிலையத் துறை, கோயில் நிர்வாகம், மாவட்ட நிர்வாகம் ஆகிய மூன்று தரப்பின் முன்பும் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒவ்வொரு சிற்பத்தின் அருகிலும் தமிழில் பெயரும் நாலு வரி விளக்கமும் வேண்டும். மண்டபத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது "இது யாரு?" என்பதைத்தான். பட்டருக்கு நேரமிருந்தால் பதில் கிடைக்கும், இல்லாவிட்டால் பெயர் தெரியாமலே கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், கால் தூக்கிய உலகளந்த பெருமாள், அனுமன் தோளில் இராமர், ஊர்த்துவ தாண்டவர், எதிரே காளி, அகோர வீரபத்திரர், கார்த்தவீரியார்ஜுனன், கருடன் மேல் மகாவிஷ்ணு, ரதி, மன்மதன் என்று எத்தனையோ கதைகள் அங்கே நிற்கின்றன. பெயரோடு, எதைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். உலகளந்தவரின் ஊன்றிய ஒற்றைக் காலில் மொத்த எடையும் எப்படித் தாங்கப்படுகிறது, வீரபத்திரரின் கைகள் ஒன்றையொன்று மறைக்காமல் எப்படி விரிகின்றன, விரல் நகம் எந்த அளவுக்குத் தேய்த்து முடிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் கண் தானாக நின்று பார்க்கும். பலகை தூணில் ஆணியடித்து மாட்டுவதாக இருக்கக் கூடாது, தரையில் தனியாக நிற்க வேண்டும். கல் தச்சு தெரிந்த ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் உட்கார்ந்தால் சில வாரங்களில் முடியும் வேலை இது. இதற்குக் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

வெளிச்சம் வேண்டும். புடைப்பாக வெளியே நிற்கும் சிற்பத்துக்கு நேர் எதிரே டியூப் லைட் எரிந்தால் உருவம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் மிதமான ஒளியில்தான் உளிவேலை தெரியும். அதிகம் சூடேறாத எல்இடி விளக்குகளை, கல்லில் துளை போடாமல், கம்பித் தாங்கிகளில் வைக்கலாம். எல்லாம் திண்டுக்கல் கடைகளில் கிடைக்கிற சாமான்கள்.

கல்லின் மேல் எண்ணெயும் மஞ்சளும் பூசுவதை நிறுத்த வேண்டும். இதைச் சொல்வது பக்தியைக் குறைப்பதற்காக அல்ல; எங்களில் பெரும்பாலோர் அங்கே சாமி கும்பிடுகிறவர்கள்தான். திருமணம் கூடிவர வேண்டி ரதிக்கும் மன்மதனுக்கும் வழிபாடு செய்ய வியாழக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சொர்ண ஆகர்ஷண பைரவரை நாடி தேய்பிறை அஷ்டமிக்கு வரும் கூட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். இத்தனை கைகளும் கல்லைத் தொட்டால் எண்ணெயில் தூசி ஒட்டும், அதன் மேல் சூடப்புகை படியும், சில வருடங்களில் கண்ணின் கோடும் உதட்டின் வளைவும் கறுப்புப் படலத்துக்குள் போய்விடும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கும்போது சிற்பியின் கைவேலையும் சேர்ந்து போகும். தூணுக்கு முன்னால் ஒரு தட்டு வைத்து மஞ்சளையும் சந்தனத்தையும் அதில் சமர்ப்பிக்கச் சொல்லலாம், விளக்கேற்ற மண்டபத்துக்கு வெளியே மேடை கட்டலாம். வழிபாடு அப்படியே இருக்கும், கல்லும் இருக்கும். இந்த மாற்றத்தைப் பட்டர்களே முன்னின்று அறிவித்தால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். ஒவ்வொரு வியாழனும் ஒரு பூச்சு கூடுகிறது என்பதால் இதில் தாமதம் எதையும் நாங்கள் ஏற்கவில்லை.

அடுத்த திருப்பணி தொடங்கும் முன் ஒவ்வொரு தூணும் நான்கு பக்கமும் படமெடுத்து, அளந்து, எண்ணிட்டுப் பதிவாக வேண்டும். பதிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த பழைய படங்கள்தான், ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போன நடராஜர் நம்முடையவர் என்று காட்டின. 2014இல் அவர் திரும்பினார். கல்தூணை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் கல்லைச் சுத்தம் செய்வதாகப் பீய்ச்சும் மணல்வீச்சில் தேய்ந்த மூக்கையும், சிமென்ட் வைத்து ஒட்டிய விரலையும் முன்பு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படமாவது வேண்டாமா? பாதுகாப்பு என்பது எங்கள் ஆசை மட்டும் அல்ல: சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று கோயில்கள், தொன்மைச் சின்னங்களின் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கு ஆன பன்னிரண்டு வருடம் தூண்களுக்கும் ஆகிவிடக் கூடாது. மணல்வீச்சு, சுண்ணாம்புப் பூச்சு, பெயின்ட் ஆகிய மூன்றும் இந்த மண்டபத்தில் கூடவே கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும்.

நுழைவு என்றைக்கும் இலவசமாகவே இருக்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்று ஒருநாள் டிக்கெட் கவுன்டர் முளைத்துவிடக் கூடாது. விரும்பியதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் திறந்திருந்த நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், 2018இல் வெளிமாநில, வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்குக் கட்டாயக் கட்டணம் கொண்டுவந்தது. லண்டனின் தேசியக் கலைக்கூடமோ வாசலில் நன்கொடைப் பெட்டி வைத்துக்கொண்டு இன்றும் இலவசமாகவே நடக்கிறது. நாம் போக வேண்டியது இந்த இரண்டாவது வழி. சந்தையில் காய் விற்றுவிட்டு வரும் பெண் பத்து ரூபாய் போட்டாலும், போடாமலே போனாலும், நரசிம்மரைப் பார்க்க அவளுக்கு அதே உரிமை.

சிற்பப் பராமரிப்புக்கென்று தனி உண்டியல் வேண்டும். அதில் விழும் தொகையும், அதிலிருந்து ஆன செலவும் மாதாமாதம் கோயில் வாசல் பலகையில் எழுதப்பட வேண்டும். உண்டியல் எண்ணுவது ஊர் முன்னிலையில் நடக்கும்போது செலவுக்கணக்கு மட்டும் ஏன் ஃபைலுக்குள் இருக்க வேண்டும்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டிய கணக்கு அல்ல இது. விளக்குக்கு இவ்வளவு, பலகைக்கு இவ்வளவு என்று கண்ணால் பார்த்தால் கொடுக்கும் கை இன்னும் தாராளமாகும்.

சின்னப் புத்தகம் ஒன்று அச்சிட வேண்டும். கோயில்களுக்குள் கைப்பேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதை நாங்கள் மதிக்கிறோம். படமெடுத்துப் போக முடியாதவர்களுக்கு நல்ல படங்களோடு ஒரு கையேடும், தபால் அட்டைகளும் அடக்க விலையில் கிடைக்க வேண்டும்.

சொல்லிக் காட்ட ஆள் வேண்டும். இதே மாவட்டத்தில் சின்னாளபட்டி அருகே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் இருக்கின்றன. விருப்பமுள்ள மாணவர்களுக்கும் தாடிக்கொம்பு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து, சனி ஞாயிறுகளில் மண்டபத்தில் நிறுத்தலாம். போக்குவரத்துச் செலவும் மதிய உணவும் கோயில் தரட்டும். வீரபத்திரர் கையில் இருப்பது என்ன என்று இந்த ஊர்ப் பையன் விளக்கிச் சொல்லும்போது, வந்தவர்கள் அவசரமாகத் திரும்பிப் போக மாட்டார்கள். அந்தப் பையனும் பிற்காலத்தில் அந்தத் தூணில் பெயர் கிறுக்க யாரையும் விடமாட்டான்.

பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, குடிநீர், வயதானவர்கள் உட்கார நாலு பெஞ்சு, சக்கர நாற்காலி உள்ளே போகச் சரிவுப்பாதை வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். இதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை.

கெடுவும் வேண்டும். தட்டும் வெளிமேடையும் அடுத்த தேய்பிறை அஷ்டமிக்குள். பெயர்ப்பலகை, விளக்கு, கணக்குப் பலகை மூன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவுக்குள். படப்பதிவும் கையேடும் ஒரு வருடத்துக்குள். எந்த வேலைக்கு எந்த அதிகாரி பொறுப்பு, எந்தத் தேதியில் முடிப்பார் என்று எழுதிய பதில் முப்பது நாளுக்குள் எங்களுக்கு வர வேண்டும். அந்தப் பதிலைக் கோயில் வாசலிலும் திண்டுக்கல் பஸ் நிலையத்திலும் நாங்களே ஒட்டுவோம். தேதி தவறினால் அதையும் அதன் கீழேயே எழுதுவோம்.