சிரிம் முத்திரையைத் தமிழில் சொல்வது யார்?

தீபாவளி நெருங்கிவிட்டால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு என நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் தற்காலிகக் கடைகள் முளைத்துவிடும். சேலை, பலகாரம், கோலப்பொடி ஆகியவற்றோடு வண்ண விளக்குச் சரங்களும், தமிழகத்திலிருந்து வந்திறங்கிய மிக்சியும் கிரைண்டரும் விற்பனைக்கு இருக்கும். விலை கேட்கிறோம், நிறம் பார்க்கிறோம், பேரம் பேசுகிறோம். ஆனால், பெட்டியைத் திருப்பி, "இதில் சிரிம் முத்திரை இருக்கிறதா?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

மின் பொறியியல் படித்துப் பட்டம் பெற்ற நான், மின்பொருள்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சான்றிதழ்ப் பணிகளைக் கவனித்து வருகிறேன். சோதனை அறிக்கைகளும் விண்ணப்பப் பாரங்களுமே என் அன்றாட உலகம். இந்த அனுபவத்தில் எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. விதிமுறை கடுமையாக இருப்பதைக் காட்டிலும், அதை நம் மக்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்வார் இல்லாமையே நமக்குப் பெரிய இழப்பாக இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளின் 97-ஆவது விதி, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மின்பொருள்களுக்கு அங்கீகாரச் சான்றிதழ் தேவை என்கிறது. அயர்ன், மின்விசிறி, ரைஸ் குக்கர், பிளெண்டர், பிளக், வயர் போன்ற வீட்டுப் பொருள்கள் இதில் அடங்கும். இச்சான்றிதழை வழங்குவது எரிசக்தி ஆணையம். பொருளைச் சோதித்துத் தரத்தை உறுதிசெய்யும் பணியில் முன்நிற்பது சிரிம். புளூடூத் ஒலிபெருக்கி போன்ற கம்பியில்லாத் தொடர்புக் கருவி என்றால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே பலர் அறியாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இறக்குமதி செய்பவரை மட்டும் இவ்விதி கட்டுப்படுத்தவில்லை. தயாரித்தல், இறக்குமதி செய்தல், காட்சிக்கு வைத்தல், விற்றல், விளம்பரம் செய்தல் ஆகிய ஐந்தும் இதற்குள் வருகின்றன. "நான் கொண்டுவரவில்லை, மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கிறேன், அவ்வளவுதான்" என்று சொல்லும் சிறு கடைக்காரரும் சட்டத்தின் முன் பொறுப்பாளியே.

ஏன் இந்தக் கெடுபிடி?

நன்கு அறிமுகமான வியாபாரி ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்த கிரைண்டர்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கு. அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். அப்புறம் எதுக்கு இன்னொரு சான்றிதழ்?"

நியாயமான கேள்விதான். இந்தியாவிலும் மலேசியாவிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 240 வோல்ட் என்றிருந்த அளவு 2008-இல் 230 ஆக மாற்றப்பட்டது. எனவே அந்த கிரைண்டர் நம் வீட்டில் ஓடும், மாவும் அரைக்கும். சிக்கல் பிளக்கில் இருக்கிறது.

இந்திய பிளக்கின் மூன்று முனைகளும் உருண்டையானவை. அதனுள் ஃபியூஸ் கிடையாது. நம் பிளக்கின் முனைகள் தட்டையானவை. உள்ளே அதிகபட்சம் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். காரணம், நம் வீடுகளில் பல பிளக்குகளுக்குச் செல்லும் ஒரே இணைப்பு 20 அல்லது 32 ஆம்பியர் வரை தாங்கும்படி அமைந்திருக்கும். கிரைண்டரின் மெல்லிய வயரில் கோளாறு ஏற்பட்டால், வீட்டின் பெரிய பிரேக்கர் உடனே விழும் என்று சொல்ல முடியாது. அதற்குள் வயர் சூடேறி உருகத் தொடங்கிவிடும். அந்த வயரைக் காப்பதற்கே பிளக்கினுள் ஃபியூஸ் வைத்தார்கள்.

நாமோ என்ன செய்கிறோம்? இரண்டு முனை பிளக் நுழையவில்லை என்றால், மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு மூடியைத் திறந்து செருகிவிடுகிறோம். எர்த் இணைப்பு தேவைப்படும் பொருளை இப்படிச் செருகினால் அந்த இணைப்பே போய்விடுகிறது. இரும்பு உடல் கொண்ட கிரைண்டரை, ஈர மாவு ஒட்டிய கையோடு தொடுபவர் நம் அம்மா என்பதை எண்ணிப் பாருங்கள்!

சோதனைக் கூடத்தில் பார்ப்பதெல்லாம் இத்தகைய ஆபத்துகளைத்தான். மனித விரலின் அளவில் செய்த ஒரு கருவியை இடுக்குகளில் நுழைத்து, மின்பாகத்தை அது தொடுகிறதா என்று பார்ப்பார்கள். உலோக உடலுக்கும் எர்த் முனைக்கும் இடையிலான மின்தடை 0.1 ஓமுக்கு மேல் போகக்கூடாது. பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் பிளாஸ்டிக்கில் அழுத்தி, அது தீப்பற்றி எரிகிறதா என்று சோதிப்பார்கள். போலி வயர்கள் சிலவற்றில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். கண்ணுக்குச் செம்பு போலவே தெரியும். ஆனால், அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 விழுக்காடே. இவற்றை நாம் கடையில் நின்று கண்டுபிடிக்க இயலுமா? நமக்காகக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அந்தச் சிறு முத்திரை.

வியாபாரியின் பக்கமும் நியாயம் உண்டு

இவ்வளவும் சொல்லிவிட்டு வியாபாரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. சான்றிதழ் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியே பெற வேண்டியது. பத்தாயிரம் ரைஸ் குக்கர் கொண்டுவரும் பெரிய நிறுவனத்திற்குச் சோதனைக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. இருபது கிரைண்டர் கொண்டுவரும் சிறு வியாபாரிக்கு அதுவே லாபத்தை விழுங்கிவிடும். துறைமுகத்தில் சரக்கு தடுக்கப்பட்டால் வாடகை நாள்தோறும் ஏறும். பாரங்களும் வழிகாட்டிகளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க, இடைத்தரகர் சொல்வதே அவருக்கு வேதவாக்காகிறது.

உண்மையில் செலவைக் குறைக்க வழிகள் உள்ளன. மின், மின்னணுச் சாதனங்களுக்கான பரஸ்பர அங்கீகார ஏற்பாட்டில் ஆசியான் நாடுகள் 2002-இல் கையெழுத்திட்டன. ஒரு நாட்டில் முறையாகச் செய்த சோதனையை மற்ற நாடும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அனைத்துலக அளவில், மின்பொருள் சோதனை அறிக்கைகளை நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொள்ளும் சிபி திட்டத்தில் இந்தியாவும் மலேசியாவும் உறுப்பு நாடுகள். எனவே கோயம்புத்தூர்த் தயாரிப்பாளரிடம் சிபி அறிக்கை இருக்கிறதா என்றும், நம் நாட்டு பிளக்கைப் பொருத்தித் தர இயலுமா என்றும், சரக்குக்குப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். இந்த இரண்டு கேள்விகள் பல தொல்லைகளைத் தவிர்க்கும். தனித்தனியே போராடும் பத்து வியாபாரிகள் ஒரு நிறுவனமாக இணைந்து, ஒரே மாடலுக்கு ஒரே சான்றிதழ் பெறுவதும் ஆராயத்தக்க வழி.

"அப்படியானால் சிறு வியாபாரிக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாமே?" என்று கேட்கலாம். அதை நான் ஏற்கவில்லை. மிக மலிவான பொருளை வாங்குபவர் யார்? தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்து அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம். அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர். விதி தளர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் இவர்களே. 2017-இல் இலண்டன் கிரென்பெல் கோபுரத்தில் 72 உயிர்களைக் குடித்த தீ, ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில்தான் தொடங்கியது. கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள் அதைப் பரப்பின. அடுக்குமாடியில் ஒரு வீட்டின் மின்கோளாறு அந்த வீட்டோடு முடிவதில்லை.

முத்திரை இருந்தால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். 2016-இல் சாம்சுங் நோட் 7 கைப்பேசிகள் பேட்டரி தீப்பற்றியதால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. சோதனையைக் கடந்து வந்த பொருளும் தவறலாம். ஆயினும், முத்திரையுள்ள பொருளுக்குப் பொறுப்பேற்க ஒரு பெயர் இருக்கிறது. திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறது. இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் பெயர் தெரியாத சார்ஜரை நாம் நேரடியாக வரவழைக்கும்போது, பொறுப்பேற்க இந்நாட்டில் யாருமே இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

நம் தமிழ்க் கழகங்கள் பட்டிமன்றம் நடத்துகின்றன. கவிதைப் போட்டி வைக்கின்றன. அவை தொடரட்டும். அத்துடன், மொழி என்பது மேடைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நாம் காட்ட வேண்டாமா? மின் பொறியியல் மாணவர் இருவரும் தமிழ் படிக்கும் மாணவர் இருவரும் ஒரு வார இறுதியில் அமர்ந்தால் போதும். எந்தப் பொருளுக்குச் சான்றிதழ் தேவை, முத்திரையில் எதைப் பார்க்க வேண்டும், விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இரண்டே பக்கத்தில் எளிய தமிழில் எழுதிவிடலாம். தீபாவளிக்கு முன் அதைக் கடைக்காரர்களிடமும் வாங்க வருவோரிடமும் கொடுக்கலாம். 'எர்த்' என்பதை 'புவித்தொடுப்பு' என்று எழுதுவதா, 'எர்த்' என்றே எழுதுவதா என்று விவாதித்துக்கொண்டே காலம் கடத்த வேண்டாம். மக்களுக்கு விளங்கும் சொல்லே நல்ல சொல்.

மாணவ நண்பர்களே, பல்கலைக்கழகம் நமக்குத் தந்த அறிவில் ஒரு பங்கு, அங்கே வர இயலாத நம் மக்களுக்கு உரியது. இந்த ஆண்டிலேயே அந்த இரண்டு பக்கத்தை எழுதித் தருவோம். எழுதத் தொடங்குபவர்களுக்கு உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.