உழுகிற மாட்டுக்கு அடிமாட்டுச் சீட்டா?

"அப்பா, நம்ம பொட்டி செத்துப்போச்சாம்!"

2025 அக்டோபர். அரையாண்டுக் கணக்கு முடித்த அலுப்போடு வீட்டுக்குள் நுழைந்தவனை வாசலிலேயே நிறுத்திச் சொன்னான் சின்னவன். பதறிப்போய் உள்ளே ஓடினால் பொட்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் மட்டும் ஒரு அறிவிப்பு: விண்டோஸ் 10க்கு ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது, உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை.

"அப்ப இத்தனை நாளா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செத்த பொட்டியிலயா விளையாடிக்கிட்டு இருந்தான்?" என்றார் தங்கமணி. நியாயமான கேள்விதான்.

இந்தப் பொட்டியின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டில்லியில் வேலை பார்த்தபோது, 2017ல் நேரு பிளேஸில் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தது. இன்டெல் ஐ5-7400, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. பெரியவன் ஆசைப்பட்டுக் கேட்டது. அவன் காலேஜுக்குப் போனதும் சின்னவனுக்கு வந்துவிட்டது, சட்டை பேண்ட் வருகிற மாதிரி. டில்லியிலிருந்து போபால், போபாலிலிருந்து கொல்கத்தா என்று இரண்டு மாற்றல் உத்தரவைத் தாங்கியது. லாரியில் டிவி உடைந்தது, கிரைண்டர் கல் உடைந்தது. இது உடையவில்லை.

நான் பி.காம். தேய்மானம் என்றால் என்னவென்று தெரியும். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம். அந்தக் கணக்குப்படி என் பொட்டிக்கு இப்போது பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது. ஆனால் ஏட்டில் மதிப்பு தீர்வது வேறு, பொருள் பயன்படாமல் போவது வேறு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் உழுகிற மாட்டை யாரும் அடிமாட்டுக்கு ஓட்டிப்போக மாட்டார்கள். இந்த மாடு இன்னும் உழுகிறது ஐயா!

சரி, எதனால் தகுதியில்லை? டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பயாஸுக்குள் போய் இரண்டையும் உயிர்ப்பித்தேன். இரண்டுக்கும் பச்சை டிக் விழுந்தது. பிராசசருக்கு மட்டும் சிவப்பு. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் சேர்ப்பார்களாம். என்னுடையது ஏழு. 2017 ஜனவரியில் வந்த சிப்புக்கு இடமில்லை, அதே வருஷக் கடைசியில் வந்த ஐ5-8400க்கு இடம் உண்டு.

போகட்டும், எங்காவது ஒரு கோடு போடத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டியலில் ஏழாம் தலைமுறைச் சிப்புகள் சிலவற்றுக்கு விலக்கு கொடுத்தது. அதில் ஒன்று ஐ7-7820எச்க்யூ. அது எதில் இருக்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்டே 2018ல் விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2ல்! அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பாஸ் மார்க், நம் வீட்டுப் பிள்ளை ஃபெயில். எங்கள் வங்கியில் நான் இப்படி ஒரு கடன் விண்ணப்பத்தைப் பாஸ் செய்தால் மறுவாரமே விஜிலென்ஸ் என் மேஜையில் உட்கார்ந்திருக்கும்.

அப்போது சொன்ன காரணத்தையும் பாருங்கள். தகுதியுள்ள கணினிகளில் 99.8 சதவீதம் முடங்காமல் ஓடின, தகுதியில்லாதவற்றில் கெர்னல் முடக்கம் 52 சதவீதம் அதிகம். 52 என்றதும் பகீரென்கிறது அல்லவா? கால்குலேட்டரை எடுங்கள். 99.8 முடங்கவில்லை என்றால் முடங்கியது 0.2. அதில் 52 சதவீதம் கூட்டினால் சுமார் 0.3. இரண்டும் ஒரே அளவுகோல் என்று வைத்துக்கொண்டால், இவர்கள் நம்மைப் பயமுறுத்துகிற வித்தியாசம் 99.8க்கும் 99.7க்கும் நடுவில். வட்டி விகிதத்தை இப்படிச் சொல்லி டெபாசிட் பிடிக்கிற ஆட்களை நான் 20 வருஷமாகப் பார்க்கிறேன்.

இதோடு நிறுத்தினால் "கரெக்டா சொன்னீங்க சார், பழசையே வச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

ஒன்றும் ஆகாது என்பது பொய். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ல் முடிந்தது. அதற்கு அப்புறமும் நம் ஊர் ஏடிஎம்களில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21ல் கால அட்டவணையே போட்டு, 2019 ஜூனுக்குள் அத்தனை ஏடிஎம்மையும் ஆதரவுள்ள சிஸ்டத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 2017 மே மாதம் வானாக்ரை வந்து உலகத்தையே ஆட்டியது. அந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

சாந்தினி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் சொன்னார், "தாதா, ஐந்நூறு ரூபாய் கொடுங்க. செக்கிங்கைத் தாண்டி லெவன் போட்டுத் தர்றேன், ஆக்டிவேஷனும் சேர்த்து." சின்னவன் கண்ணில் பல்பு எரிந்தது. நான் மாட்டேன் என்றேன். காரணம் இருக்கிறது. எங்கள் கிளைக்கு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வருவார். பேரனுக்காக இப்படி ஒரு கடையில் 'ஃபுல் வெர்ஷன்' போட்டு வாங்கிய பொட்டி. அதிலேயே நெட் பேங்கிங், பாஸ்வேர்டு எல்லாம் பிரவுசரில் சேமித்தது. ஒரு நாள் காலையில் பாஸ்புக்கோடு என் முன்னால் வந்து நின்றார். 1,85,000 ரூபாய் போயிருந்தது. அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. "பையனுக்குச் சொல்லிடாதீங்க" என்று மட்டும் கேட்டார். புகார் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். என் கை எழுதியதை விட நடுங்கியதுதான் அதிகம்.

திருட்டுப் பூட்டுச்சாவிக்காரனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டுக் கம்பெனி சரியில்லை என்று பேசுவதில் அர்த்தமில்லை.

அப்படியானால் என்ன முடிவு? கடையில் கேட்ட புது விலை 60,000க்கு மேல், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட. 2025 கடைசியில் ராம் விலை வேறு ஏறிக்கொண்டே போனது. சின்னவன் பிளஸ் ஒன். வருகிற இரண்டு வருஷமும் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே வாங்கவில்லை. பத்தையே வைத்துக்கொண்டு, பாதுகாப்பு ஒட்டுகளை மட்டும் நீட்டிக்கிற திட்டத்தில் சேர்ந்தேன். 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 கொடுக்கலாம், அல்லது நம் செட்டிங்குகளை அவர்கள் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம்.

இங்கேதான் எனக்கு உச்சிக்கு ஏறியது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தச் சம்மதம் எதுவும் வேண்டாம், கணக்கில் நுழைந்தாலே போதும். ஏன் தெரியுமா? அங்கே யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு கேட்டது, கிடைத்தது. நாம் கேட்கவில்லை. நம் அரசாங்கமும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் தொடங்கியது. திருகாணியைக் கழற்றுவது மட்டும்தானா பழுது பார்ப்பது? ஓட்டை தெரிந்தும் அடைக்க மாட்டேன், புது வீடு கட்டிக்கொள் என்பவனைக் கேட்க வேண்டாமா? பொருள் விற்கும்போதே எந்தத் தேதி வரை ஒட்டு தருவாய் என்று டப்பாவில் போடு என்று கேட்கலாம். மருந்துப் பட்டைக்குக் காலாவதித் தேதி கேட்கிற நாம், 60,000 ரூபாய்ப் பொட்டிக்கு ஏன் கேட்பதில்லை? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் பேசிவிட்டேன். நீங்களும் பேசுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சட்டம் இதுதான். அந்தப் பொட்டியில் வங்கிக் கணக்கு கிடையாது, கார்டு நம்பர் கிடையாது, வருமான வரி கிடையாது. விளையாட்டு மட்டும். ஒட்டு நிற்கிற நாளில் லினக்ஸ். வால்வ் கம்பெனியின் புரோட்டான் புண்ணியத்தில் தனியாக விளையாடும் ஆட்டங்கள் நிறைய அதில் ஓடும். வேலரன்ட் ஓடாது. சின்னவனிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் முறைத்தான்.

"அப்ப பொட்டியை விக்க மாட்டீங்கல்ல?" என்றான்.

விற்க மாட்டேன்டா. அடுத்த மாற்றல் வந்தாலும் முதலில் லாரியில் ஏறுவது அதுதான்.