யார்க்கந்து வியாபாரமும் பழவேற்காடும்

பொன்னேரித் தாலூகாவிலே பழவேற்காட்டுக்குச் சென்றவர்கள் அங்குள்ள டச்சுக்காரரின் இடுகாட்டையும், புதர் மண்டிக் கிடக்கும் ஜெல்டிரியாக் கோட்டையின் அடையாளத்தையும் கண்டிருப்பார்கள். 1613-ம் வருஷத்தில் எழுந்த அக்கோட்டை வியாபாரத்தின் பெயராலேயே எழுந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி அங்கிருந்து கீழைத் தீவுகளுக்குப் போயிற்று. அதே துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 'வியாபாரத்துக்கு வழி திறந்தவர்' என்று ஓர் அன்னிய உத்தியோகஸ்தரைச் சரித்திரம் புகழும்போதெல்லாம், யாருக்காகத் திறந்தார் என்று கேட்கும் வழக்கத்தை நாம் இந்தக் கோட்டையினிடமே கற்றோம்.

அவ்வாறு புகழப்படுபவர்களுள் ஒருவர் ஸர் தாமஸ் டக்ளஸ் போர்சித். 1848-ல் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்து, பஞ்சாபில் கமிஷனர் பதவி வரை உயர்ந்தவர். 1867-ல் லடாக்கிலுள்ள லே நகருக்குச் சென்று, கிழக்குத் துருக்கிஸ்தானத்து வியாபாரத்துக்குக் காஷ்மீர் அதிகாரிகள் விதித்திருந்த தடைகளை நீக்கச் செய்தார். காங்க்ராப் பள்ளத்தாக்கிலே பாலம்பூரில் வருஷச் சந்தை ஒன்றை ஏற்படுத்தி, பனிமலைக்கு அப்பாலுள்ள வர்த்தகர்களை அழைத்தார். 1870-ல் ராஜப்பிரதிநிதி லார்டு மேயோவின் தூதராக யார்க்கந்து சென்று, அந்நாட்டை ஆண்ட யாகூப் பேக்கைக் காணாமலே திரும்பினார். அவருடைய ஊக்கத்தை நாம் குறைத்துப் பேச வரவில்லை. 18,000 அடிக்கு மேற்பட்ட காரகோரம் கணவாயைக் கடப்பது கச்சேரியில் அமர்ந்து கையெழுத்திடுவது போன்ற காரியமன்று.

ஆனால் அவருடைய உத்தியோக சரித்திரத்தில் 1872 ஜனவரி மாதம் என்று ஒரு பக்கம் உண்டு. குரு ராம்சிங்கின் சீடர்களான கூக்காக்களில் ஒரு கூட்டத்தார் பசுவதையின் நிமித்தம் ஆத்திரமுற்று மாலேர்கோட்லாவைத் தாக்கினர். தாக்கியவர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் வாதிக்கவில்லை, உயிர்கள் பலியாயின. ஆயினும் பிடிபட்டவர்களுக்கு நடந்தது என்ன? லூதியானா டிப்டி கமிஷனர் கோவன், விசாரணை என்பதே இல்லாமல், மேலதிகாரியின் உத்தரவுக்கும் காத்திராமல், ஜனவரி 17-ந் தேதி சுமார் ஐம்பது பேரைக் கொன்றார். அவர்களில் ஒருவர் தவிர ஏனையோரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். அந்த மேலதிகாரிதான் அம்பாலா கமிஷனர் போர்சித். அவர் கோவனுடைய செயலை ஆமோதித்ததோடு நில்லாமல், மறுநாள் பெயரளவிலான விசாரணை நடத்தி இன்னும் 16 பேரை அவ்விதமே பீரங்கிக்கு இரையாக்கினார். குரு ராம்சிங் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். கூக்காக்கள் சீமைத்துணியையும் ஆங்கிலக் கோர்ட்டையும் தபாலையும் விலக்கியவர்கள் என்பதை அவர்களுடைய வழிவந்தோர் இன்றும் பெருமையோடு சொல்லுகிறார்கள்.

இதற்குள் லார்டு மேயோ அந்தமானில் கொலையுண்டார். சென்னைக் கவர்னராயிருந்த லார்டு நேப்பியர் தற்காலிக ராஜப்பிரதிநிதியானார். கூவம் முகத்துவாரத்துப் பாலத்தின் பெயரால் நம்மவர் அறிந்தவர்தான் அவர். இந்திய ஸர்க்கார் கோவனை வேலையினின்று நீக்கிற்று. போர்சித்தைப் பஞ்சாபிலிருந்து அயோத்தி மாகாணத்துக்கு மாற்றிற்று. பதினாறு உயிருக்கு ஓர் இடமாற்றம்! அந்தத் தண்டனையாவது நிலைத்ததா? 1873-ல் லார்டு நார்த்புரூக் அவரையே மறுபடி தூதராக்கினார். சுமார் 350 ஆட்களும் 550 பொதி மிருகங்களும் கூடிய பெரும் பரிவாரம் புறப்பட்டது. இதற்காக லடாக்கின் ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை சுமந்தனர். 1874 பிப்ரவரி 2-ந் தேதி காஷ்கரில் வியாபார உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திரும்பி வந்தவருக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது.

உடன்படிக்கையின் ஆயுள் எத்தனை நாள்? 1877-ல் யாகூப் பேக் இறந்தார். சில மாதங்களுக்குள் சீனப் படை அந்நாட்டை மீட்டுக்கொண்டது. காகிதம் காகிதமாயிற்று. வழிக்குரிய ஜனங்களோ போர்சித் பிறப்பதற்கு முன்னும் அவ்வழியே போய்வந்தார்கள், அவர் போன பின்னும் போய்வந்தார்கள். அந்தப் பாதை அடைபட்டது நமது காலத்து எல்லைச் சச்சரவுகளால். அது வேறு கதை.

பனிமலைக்கு அப்பால் சந்தை தேடியவர்கள் அதே காலத்தில் இந்நாட்டுச் சந்தையை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். லங்காஷயர் ஆலை முதலாளிகள் வற்புறுத்த, சீமைத்துணி மீதிருந்த இறக்குமதி வரி 1882-ல் அடியோடு எடுக்கப்பட்டது. ஒரு காலத்தில் பழவேற்காட்டின் பெயராலேயே ஐரோப்பாவில் கைக்குட்டைத் துணி விற்றது. அந்தத் தறிகளுக்கு எந்தக் கமிஷனரும் கணவாய் கடந்து சந்தை தேடவில்லை.

இன்று ஆள்பவர்கள் அன்னியரல்லர். ஆகவே நாம் கேட்பதற்கு உரிமை அதிகம். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்து, இத்தாலூகாவின் கரையிலிருந்து உலக வியாபாரம் நடக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பன்மடங்கு விஸ்தரிக்கும் யோசனையால் ஏரியும் முகத்துவாரமும் கெடும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் அஞ்சுகிறார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறிக்கப்பட்ட பொதுஜனக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அக்கூட்டத்தை எப்பொழுது நடத்தினாலும், மீனவர் கடலுக்குப் போகாத நாளில், அவர்கள் எளிதில் வந்து சேரக்கூடிய இடத்தில் நடத்தவேண்டும். திட்டத்தின் முழு அறிக்கையையும், சுருக்கத்தை மட்டுமன்று, தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு குப்பத்துக்கும் முன்கூட்டியே கொடுக்கவேண்டும். கூட்டத்தில் சொல்லப்படும் ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாக எழுத்தில் பதில் வரும்வரை கரையில் ஒரு கல்லும் இறக்கக்கூடாது.