ஸ்பீடு யாருக்குய்யா வேணும்?

கம் பிரிண்டிங் பத்தி எழுதறவங்க மேல எனக்கு ஒரு கோபம். "வேலம்பிசின், வாட்டர் கலர், வெயில், அவ்ளோதான், சுத்தமான இயற்கை முறை"ன்னு ஆரம்பிப்பாங்க. வெளிச்சம் பட்ட இடத்துல பிசினை இறுக வைக்கிற டைகுரோமேட்டைப் பத்தி மட்டும் ஒரே வரி. "அமோனியம் வாங்குங்க, பொட்டாசியம் ஸ்லோ."

ஸ்லோதான், ஒத்துக்கறேன். 20 டிகிரியில 100 மில்லி தண்ணியில பொட்டாசியம் டைகுரோமேட் 12, 13 கிராம்தான் கரையும். அமோனியம் 35 கிராம் வரை கரையும். கரைசல் கெட்டியானா வெயில்ல காட்டற நேரம் குறையும். ஆனா சாமி, நான் இருக்கறது பொன்னேரி. சித்திரையில மொட்டை மாடில கால் வைக்க முடியாது. இந்த வெயிலை வச்சுக்கிட்டு எதுக்கு ஸ்பீடு? நாலு நிமிஷம் மிச்சம் பண்ணி என்ன கிழிக்கப் போறோம்?

ரெண்டுமே ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். தூளா மூச்சுல போனா நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டு போகும், தோல்ல பட்டா அலர்ஜி. சிமென்ட்ல கை வைக்கிற கொத்தனார்களுக்கு வர்ற அரிப்புக்கும் இதே குரோமியம்தான் முக்கியக் காரணம். பேப்பர்ல இறுகாதது மொத்தமும் கழுவற தண்ணியிலதான் போகுது. அப்ப கெட்டியான கரைசல்னா என்ன அர்த்தம்?

தண்ணி எங்க போகுதுன்னு ராணிப்பேட்டைக்காரங்களைக் கேளுங்க. தோல் பதனிட குரோமியம் உப்பு தயாரிச்ச தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையை 1990களின் நடுவுல மூடினாங்க. லட்சம் டன்னுக்கு மேல கழிவு அங்கேயே கிடந்து, மழையில கரைஞ்சு நிலத்தடி நீர் மஞ்சளாச்சு. 2006ல நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் போட்ட உலகின் மோசமான பத்து இடங்கள்ல ராணிப்பேட்டையும் ஒண்ணு. ஐரோப்பாவுல 2017 செப்டம்பர்லேருந்து டைகுரோமேட் உபயோகிக்கத் தனி அனுமதி வேணும்.

நான் மட்டும் யோக்கியமான்னா, இல்லை. முதல் பிரிண்ட் கழுவின தண்ணியை முருங்கை மரத்தடியில ஊத்தினேன். "என்னடா மஞ்சத்தண்ணி, யாருக்கு நீராட்டு?"ன்னு அம்மா கேட்டாங்க. பத்தடி தள்ளி எங்க போர்.

இப்ப பொட்டாசியம் மட்டும்தான், அதுவும் பாதி அளவு கரைசல். கையுறை கட்டாயம். கழுவற தண்ணியை பக்கெட்டுல பிடிச்சு, ஆரஞ்சு நிறம் பச்சையாகற வரை வைட்டமின் சி தூள் போடறேன். ஆறு மூணா இறங்கும், விஷம் வெகுவா குறையும். அப்புறம் வாஷிங் சோடா போட்டா பச்சை வண்டல் அடியில தங்கும்.

அந்த வண்டல் ரெண்டு பாட்டில் சேர்ந்திருக்கு. பக்கத்துல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல அபாயக் கழிவைப் புதைக்கிற இடம் இருக்கு, ஆனா அது ஃபேக்டரி லாரிகளுக்கு. ரெண்டு பாட்டிலோட டூவீலர்ல போய் நின்னா வாட்ச்மேன் உள்ள விடுவாரா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.