கணினிக்குள் ஒரு கங்காணி வேண்டுமா?





தொலைவிலிருந்து ஒரு வேலையை நடத்துவது கம்பம் பள்ளத்தாக்கிற்குப் புதிய செய்தியன்று. ஏலத்தோட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் மலைமேல் இருக்கும். அதன் உரிமையாளர் கம்பத்திலோ போடியிலோ அடிவாரத்தில் இருப்பார். காலையில் ஜீப்பில் ஏறிச் செல்லும் தொழிலாளரின் பின்னே அவர் அன்றாடம் செல்வதில்லை. தோட்டத்தில் கங்காணி நிற்பார்; கணக்குப்பிள்ளை ஆள்கணக்கு எழுதுவார்; மாலையில் எடைத்தராசு உண்மையைச் சொல்லும்.

இன்று நம் ஊர்களின் மாடி அறைகளில் வேறொரு தோட்டம் நடக்கின்றது. கல்லூரியில் ஆங்கிலமோ கணினியோ பயின்ற நம் பிள்ளைகளிற் சிலர், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்ப எழுத்தாளர்களாகப் பணிபுரிகின்றனர். ஒரு மென்பொருளை எவ்வாறு நிறுவுவது, ஒரு கருவியை எவ்வாறு இயக்குவது, பழுது நேர்ந்தால் என்ன செய்வது என்பதைப் படிப்படியாக எழுதித் தருவதே அப்பணி. அவர்களில் அனுபவம் முதிர்ந்தோர், மணிலாவில் ஒருவர், துபாயில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர் எனச் சிதறிக் கிடக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்கும் நிலைக்கும் வருகின்றனர். நேரில் காணாத மனிதர்களை நீதியுடன் நடத்துவது எப்படி என்பதே அவர்கள்முன் நிற்கும் கேள்வி.

பல நிறுவனங்கள் இதற்கு எளிய விடை ஒன்றை வைத்திருக்கின்றன. ஊழியரின் கணினித் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுக்கும் மென்பொருள். விசைப்பலகையில் விரல் எத்தனை முறை பட்டது என்று எண்ணும் மென்பொருள். அதாவது, கணினிக்குள் ஒரு கங்காணி. இது நீதியுமன்று, பயனுமன்று என்பதே நம் கருத்து.

எழுத்துப்பணி ஏலக்காய் பறிப்பதைப் போன்றதன்று. ஒரு நல்ல தொழில்நுட்ப எழுத்தாளர் நாளின் பெரும்பகுதியை வாசிப்பதிலும், பொறியாளரிடம் கேட்பதிலும், கருவியைத் தாமே இயக்கிப் பார்ப்பதிலும் செலவிடுவார். பத்துப் பக்கத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கியவரே அதிகம் உழைத்தவராக இருக்கலாம். விசைகளை எண்ணும் மென்பொருளுக்கு அவர் சோம்பேறியாகவே தெரிவார்.

மேலும், பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கின்றது. வேலையைச் சரிபார்ப்பது வேறு. ஆளை வேவு பார்ப்பது வேறு. உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களைப் பற்றிய முறையீடுகளை விசாரிக்க முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அது வெளிப்படையான விசாரணை. யார் வருகிறார், எதற்காக வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கங்காணி இல்லாமல் குழுவை நடத்துவது எது? எழுத்துத்தான்.

ஒரே மென்பொருளின் ஒரே பொத்தானை மணிலாவில் இருப்பவர் ஒரு பெயராலும், துபாயில் இருப்பவர் வேறொரு பெயராலும் எழுதினால், அதை வாசிக்கும் வாடிக்கையாளர் திகைத்துப் போவார். மருத்துவமனைக் கருவியின் கையேட்டில் இக்குழப்பம் நேர்ந்தால் விளைவு விபரீதமாகும். எனவே எந்தச் சொல்லை எங்கே ஆளவேண்டும், கருத்து வேறுபட்டால் எதன்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது தலைவரின் முதற்கடமை. இதைத்தான் நடைக் கையேடு என்கின்றனர்.

நம் வரலாறு இதை நன்கறியும். ஓதும் முறையில் மக்களிடையே வேறுபாடு தோன்றுவதைக் கண்ட ஹுதைஃபா (ரலி) அவர்கள், கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுடன் குறைஷியர் மூவரும் சேர்ந்த நால்வர் குழு பிரதியெடுக்க அமர்ந்தது. வேலை தொடங்கும்போதே ஒரு விதி சொல்லப்பட்டது: உங்களுக்குள் வேறுபாடு எழுந்தால் குறைஷியரின் வழக்கில் எழுதுங்கள் என்பதே அது. பணி முடிந்ததும் பிரதிகள் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டன. இறைவேதத்தின் பணியை எந்த உலகப் பணியோடும் நாம் ஒப்பிடவில்லை. ஆயினும் பிணக்கு வருமுன்பே அதைத் தீர்க்கும் விதியை வகுத்துவிடும் அந்த ஒழுங்கில், குழுவை நடத்தும் எவருக்கும் பாடம் உண்டு.

நம் காலத்தில், நம் மொழியிலேயே ஒரு சான்றும் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கி வருகின்றது. அதை ஒருங்கிணைத்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் வாழ்ந்தது சுவிட்சர்லாந்தில். நூல்களைத் தட்டச்சு செய்தோரும் பிழை திருத்தியோரும் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள். ஊதியம் இல்லை, கண்காணிக்கும் மென்பொருளும் இல்லை. ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் சிதறிக் கிடந்த அக்காலத்தில், திஸ்கி என்ற பொதுக் குறியீடும் பின்னர் யூனிகோடும் அவர்களை இணைத்தன. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். உழைத்தவர்களின் பெயர்கள் மின்னூலின் முகப்பிலேயே இடம்பெற்றன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் இன்று நாம் கைப்பேசியில் வாசிக்கிறோம் என்றால், ஒருவரையொருவர் காணாத அம்மனிதர்களின் நாணயமே காரணம்.

பொது விதி, இரண்டாவது கண், உழைத்தவருக்கு உரிய பெயர் என்னும் இம்மூன்றும் இருந்தால் திரையைப் படமெடுக்க வேண்டிய தேவையே எழாது. எழுதியதைப் பொறியாளர் ஒருவர் உண்மைக்காகவும், சக எழுத்தாளர் ஒருவர் தெளிவுக்காகவும் படித்த பின்னரே வெளியிடுவது என்று வைத்துக்கொண்டால், சோம்பலும் அலட்சியமும் தாமே வெளிப்பட்டுவிடும். 2005ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ், உலகெங்கும் சிதறியிருந்த லினக்ஸ் நிரலாளர்களுக்காக உருவாக்கிய கிட் என்னும் கருவியை இன்று எழுத்தாளர்களும் பயன்படுத்துகின்றனர். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும். வேலைக்குச் சாட்சி அதுவே போதும்.

அடுத்தது நேரம். கோடைக்காலத்தில் டொராண்டோவில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, மணிலாவில் இரவு 9. நாள்தோறும் அந்நேரத்தில் கூட்டம் வைத்தால், நம் பிள்ளையின் மஃரிப் தொழுகை நெருக்கடிக்கு உள்ளாகும். மணிலாச் சகோதரி தன் குழந்தையை உறங்க வைக்க இயலாது. டொராண்டோவில் இருப்பவருக்கு மட்டும் அது சாதாரணக் காலைப்பொழுது. சுமை எப்போதும் ஒரே தோளில் ஏறுவது அநீதி. எழுதித் தீர்க்கக்கூடியதை எழுதித் தீர்த்து, கூட்டங்களைக் குறைத்து, தவிர்க்க இயலாத கூட்டத்தின் நேரத்தை முறைவைத்து மாற்றுவதே சரி. நம் ஜும்ஆ நேரத்தில் கூட்டம் வேண்டாம் என்று கேட்கும் நாம், அடுத்தவரின் ஞாயிறு வழிபாட்டையும் பண்டிகையையும் கேட்டறிந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

“கண்காணிக்காவிட்டால் ஏமாற்றுவோர் உண்டே” என்று சிலர் கேட்பர். உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களிடம் மறைவாக முழுநேரச் சம்பளம் பெறுவோரைப் பற்றியும், பிறர் எழுதியதைத் தம்முடையதாக ஒப்படைப்போரைப் பற்றியும் நாம் கேள்விப்படுகிறோம். அது அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். அப்படி வந்த சம்பளத்தை ஹலால் என்று எவரும் மனம் துணிந்து சொல்ல இயலாது. ஆனால் திருடன் ஒருவனுக்காகத் தெருவிலுள்ள அத்தனை வீட்டின் கதவையும் கழற்றி வைப்பாரில்லை. குறித்த நாளில் வேலை வந்ததா, தரம் இருந்ததா என்று பாருங்கள். இல்லையெனில் அவரிடமே நேரடியாகக் கேளுங்கள்; சொன்னதை எழுத்தில் வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியுடன் எழுதவும் கட்டளையிடும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் மறக்கலாகாது.

இறுதியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் அமர்ந்து குழுவை நடத்தும் மகளை, “சும்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்” என்று எண்ணி, கூட்டத்தின் நடுவே விருந்தினருக்குத் தேநீர் போட அழைக்கும் அத்தாக்களும் அம்மாக்களும் நம்மிடையே இருக்கின்றனர். மகன் அதே அறையில் அமர்ந்தால் மட்டும் அது அலுவலகமாகிவிடுகின்றது. அவளுடைய ஒரு பதிலுக்காக மூன்று நாடுகளில் மூவர் காத்திருக்கலாம். அவள் ஒப்புக்கொண்ட நேரமும் ஓர் அமானிதமே. அதைக் காப்பதில் வீட்டாருக்கும் பங்குண்டு. அவளுக்கு ஒரு கதவையும், அந்தக் கதவுக்கு ஒரு மரியாதையையும் கொடுங்கள்.

காணாத இடத்திலும் நம்மைக் காண்பவன் ஒருவன் இருக்கின்றான் என்ற உணர்வோடு உழைக்கவும், நம்கீழ்ப் பணிபுரிவோரை நீதியுடன் நடத்தவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.