ஐந்து மீன்களின் மூச்சு
அமெரிக்க ஏரி ஒன்றில் நடந்த பாஸ் மீன்பிடிப் போட்டியின் காணொளியைப் பார்த்தேன். யார் ஜெயித்தார் என்பது மறந்துவிட்டது. படகின் தளத்தில் மூடியைத் திறந்ததும் தெரிந்த அந்த மீன்தொட்டி மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. பிடித்த ஐந்து மீன்களையும் எடை போடும்வரை அதில்தான் வைத்திருப்பார்கள். எடை போட்டதும் மீனை உயிரோடு ஏரியில் விட வேண்டும். இது 1972இல் போட்டி அமைப்பாளர் ரே ஸ்காட் தன் பாஸ் போட்டிகளில் தொடங்கிவைத்த நல்ல வழக்கம். ஆனால் கோடை வெயிலில் தொட்டி நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஐந்து மீன்களும் அதைத்தானே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்! காணொளியில் வந்த படகுக்காரர் காற்றுக் குமிழி விடும் பம்பை நிறுத்தவே இல்லை. பனிக்கட்டியாய் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டிக்குள் மெல்ல இறக்கினார். கையை நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொட்டார், உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பான படலம் உரிந்துவிடும் என்பதால். பேட்டரி தீர்ந்துவிடுமென்று பம்பை அணைத்து வைப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.